ஆர்டிஸ் கேட்ட ஒரு வாரம்

எங்கள் ஊரில் பொய் சொல்பவர்கள் குறைவு. மனதில் இருப்பதைச் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். வீடு பற்றி எரிந்தால் "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்போம். லாட்டரி விழுந்தால் "மோசமில்ல" என்போம். யாராவது "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால், ஆள் வெளியூர் என்று புரிந்துகொள்வோம்.

இந்தக் கலையில் ஆர்டிஸ் டாலஃப்சனை மிஞ்ச ஆளில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறாள். வயது ஐம்பத்தெட்டு. கணவன் லொவெல் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்ததே படகில் தூண்டிலைப் பார்த்துக்கொண்டுதான். "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா அவ்வளவு மோசமா இருக்காதுன்னு தோணுது" என்றான். "இருக்காதுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை இருவரும் பேசியதில்லை. சந்தோஷமான தம்பதிகள்.

மே மாதம் எங்கள் பள்ளிக்கு ஜெர்மனியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு வீட்டில் இரண்டு வாரம் தங்குவது ஏற்பாடு. டாலஃப்சன் வீட்டுக்கு வந்தவள் வீப்கே. பதினாறு வயது, நெடிய உருவம், புத்தகத்தில் படித்த ஆங்கிலம். முதல் நாள் காலையிலேயே, "இந்தக் காப்பி தண்ணியா இருக்கு" என்றாள். லொவெல் நாளிதழுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். ஆர்டிஸ் மறுநாள் தூளை இரட்டிப்பாகப் போட்டாள். முப்பது வருடமாக அந்தக் காப்பி தனக்கும் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல முடியுமா என்ன?

விருப்பப்பட்டவர்கள் இன்னும் ஒரு வாரம் தங்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. செவ்வாய்க்கிழமை பாத்திரம் துடைத்துக்கொண்டே வீப்கே நேராகக் கேட்டாள்: "இன்னும் ஒரு வாரம் நான் இங்க இருக்கட்டுமா?"

ஆர்டிஸ் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "இருந்தா மோசமில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சகட்டமான 'ஆமாம்' அதுதான். மறுநாள் காலையிலேயே மாடி அறை மெத்தையை வெளியே எடுத்துப்போய் வெயில் காட்டினாள். வீப்கேயின் ஊரில் சாப்பிடும் கறுப்பு ரொட்டி வாங்கி அடுக்கினாள்.

சனிக்கிழமை ஊர்சுற்றல், சாயங்காலம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பிரிவு விருந்து. பஸ் முதலில் மிசிசிப்பி பிறக்கும் இடத்துக்குப் போனது. அவ்வளவு பெரிய நதி, அங்கே கணுக்காலைத்தான் நனைக்கும். கற்களில் கால்வைத்து மாணவர்கள் நதியைத் தாண்டிக் கூச்சலிட்டார்கள். கரையில் நின்ற ஜெர்மன் ஆசிரியர் டீர்க்சன் ஆர்டிஸிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு நாளையிலேர்ந்து ஓய்வு. ரெண்டு பசங்கதான் தங்குறாங்க. வீப்கே எங்களோட கெளம்புறா."

"கெளம்புறாளா?"

"நீங்க விரும்பலைன்னு சொன்னாளே. அப்படி இல்லைன்னா இன்னிக்கு விருந்து முடியறதுக்குள்ள சொல்லுங்க, டிக்கெட்டை மாத்திடலாம். அப்புறம் முடியாது."

ஆர்டிஸ் தலையாட்டினாள். "அப்படியா" என்றாள். அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பஸ்ஸில் வீப்கேவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். எங்கள் ஊர்க்காரர் எவரும் உடனே புரிந்துகொண்டு கண்கலங்கும் அளவுக்கு வெளிப்படையாகவே பேசினாள்.

"மாடி ரூம் மெத்தை சும்மாதான் கெடக்கப்போவுது, கண்ணு."

"அப்போ யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் வீப்கே.

அடுத்த ஊரில் வீடு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மீன். அதன் வாய்க்குள் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் மீனின் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"அடுத்த வாரம் ஏரியில மீன் நல்லாக் கடிக்கும். படகுல ஒரு எடம் காலியாத்தான் இருக்கும்."

"படகு லேசா இருந்தா நல்லதுதானே?"

விருந்துக்குப் போனபோது ஆர்டிஸ் களைத்திருந்தாள். நீள மேசையில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பதார்த்தங்கள். எல்லாம் ஒரே ருசி, ஆளாளுக்கு மற்றவருடையதைப் புகழ்ந்தார்கள். மாணவர்கள் அக்கார்டியன் வாசித்தார்கள். எங்களவர்கள் இரண்டு பேர் நடனமாடக்கூடச் செய்தார்கள். ஆர்டிஸ் லொவெலிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நேராக் கேட்டுடேன்" என்றான் லொவெல்.

"நேராவா? இத்தனை பேர் முன்னாலயா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் கேப்பாங்களாம்."

"நீ கேளேன்."

"எனக்கு முட்டி வலி" என்றான். கேட்பதற்கு எதற்கு முட்டி என்று அவள் விசாரிக்கவில்லை.

பாட்டு நின்றது. டீர்க்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்தார். ஆர்டிஸ் எழுந்தாள். மேசைகளுக்கு நடுவே, வழியில் இருந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்துபோய், கேக் தின்றுகொண்டிருந்த பெண்ணின் முன்னால் நின்றாள்.

"வீப்கே, நாளைக்கு நீ போகாத. எனக்கு நீ இருக்கணும். நீ இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

அறையில் கரண்டிகள் நின்றன. பாதிரியார் கூரையைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு பெண் பொது இடத்தில் உடையைக் களைந்திருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டோம்.

"இதை ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லல?" என்றாள் வீப்கே.

"சொன்னேனே."

"மோசமில்லைன்னுதான் சொன்னீங்க."

"ஆமா. அதைத்தான் சொன்னேன்."

வீப்கே சுற்றிலும் பார்த்தாள். அறை முழுக்கத் தலைகள் மெல்ல ஆமோதித்தன. அதைவிட வேறு என்னதான் சொல்ல முடியும் என்பதுபோலப் பின்வரிசையிலிருந்து ஒருவர், "செவ்வாய்க்கிழமையே கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

"நான் இருக்கேன்" என்று வீப்கே ஆசிரியரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் அதுதான் வேணும்." டீர்க்சன் கோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியுடன் படியேறினார்.

காது வரை சிவந்த ஆர்டிஸ் சமையலறைக்குள் புகுந்து, தனக்குச் சம்பந்தமில்லாத தட்டுகளையெல்லாம் தொட்டியில் போட ஆரம்பித்தாள். பின்னாலேயே வீப்கே துண்டோடு வந்தாள்.

"அழறீங்களா?"

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சு."

"இன்னும் சோப்பே ஊத்தலையே."

ஆர்டிஸ் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"ஆமா" என்றாள், "அழறேன்."

"சரி" என்று சொல்லி, வீப்கே சோப்பை எடுத்து ஊற்றினாள்.