இங்கிரிட் என்ற பெயர்

இன்று காலை மூடுபனிக்குள் யாரோ நாயைக் கூப்பிடும் குரல் கேட்டது. முப்பது வருடம் கழித்தும் நான் வாசலுக்கு ஓடினேன்.

அப்போது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் என் அம்மா ஆயா. துரையின் மனைவி, துரைசாணி, நோர்வே தேசத்துக்காரி. அவளுடைய சின்ன மகள் இங்கிரிட்டை வளர்த்தது அம்மாதான். ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அதே வாரம், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் என் தங்கை பொன்னியும் போனாள்.

"அவ பேர இனி இந்த வீட்ல யாரும் எடுக்கக்கூடாது" என்றார் அப்பா. அம்மா பொன்னியின் பேரை எடுக்கவில்லை.

சில மாதம் கழித்துத் துரை ஒரு பெட்டைநாய்க்குட்டி கொண்டுவந்தார். அவர் சொன்ன பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு, துரைசாணி அதற்கு இங்கிரிட் என்றே பெயர் வைத்தாள். அம்மா பதறிப்போனாள்.

"அது புள்ள பேருங்கம்மா. நாய்க்கு வேணாங்க."

"அந்தப் பேர் தினம் கூப்பிடணும், ஆயா. எனக்கு வேற வழி தெரியல" என்றாள் துரைசாணி, தெரிந்த தமிழில்.

ஒரு மாலை குட்டியைக் காணவில்லை. தேயிலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் மேல்பக்கம் துரைசாணியும், கீழ்ப்பக்கம் அம்மாவும் நானும் பெயர் சொல்லித் தேடினோம். கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் குரல் உடைந்தது.

"பொன்னி... ஏ பொன்னி... வந்துருடி..."

இருட்டும்வரை இருவரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குட்டி கிடைக்கவில்லை. அதன்பிறகு அம்மா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைக்கூடத் தோளில் தொட்டுத்தான் அழைப்பாள்.