இரவல் மூக்கு

தேநீர் கிளாஸை வாங்கிய பிறகும் நத்தர்ஷா வாசலைவிட்டு நகரமாட்டார். கடைக்காரர் சுருளிராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். புருவம் சுருங்குகிறதா, மூக்கின் ஓரம் மேலே ஏறுகிறதா என்று பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்வார். லேசாகச் சுருங்கினாலும் போதும், வெளியிலேயே நின்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"என்ன பாய், எம் மூஞ்சியில படமா ஓடுது?" என்பார் சுருளிராஜன்.

"ஒண்ணுமில்லப்பா. நீ டீய ஆத்து."

உத்தமபாளையம் வட்டாரத்தில் மொட்டை மாடியில் பாசி பிடித்தால் நத்தர்ஷாவைத்தான் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடிகள் கறுத்து வழுக்க ஆரம்பிக்கும். துணி காயப்போட ஏறிய யாராவது இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகுதான் பாசியின் ஞாபகமே வரும். ஒரு காலத்தில் திராட்சைப் பந்தல்களில் மருந்தடித்த அதே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். இப்போது அதற்குள் இருப்பது பிளீச்சிங் கரைசல். அடித்து, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினால் மாடி வெளுத்துவிடும். வாடை மட்டும் அத்தனை சீக்கிரம் போகாது. படி வழியாக இறங்கி அடுப்படிவரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வாடையை விரட்டுவதில்தான் நத்தர்ஷாவுக்குக் கைராசி என்று பெயர். மாடி காய்ந்ததும் சட்டியில் கங்கு போட்டு, சாம்பிராணியோடு ஏலக்காய்த் தோலையும் தூவி, வீடு முழுக்கப் புகை காட்டுவார். கடைசியில் குமுளியிலிருந்து வாங்கிவரும் புல்தைலத்தை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் படியெல்லாம் தெளிப்பார். "அவசரப்பட்டு ஈர மாடியில தெளிச்சா மருந்து தைலத்தத் தின்னுரும்" என்பார். அவர் போன பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி மணக்கும்.

மூக்குள்ளவரை சளி என்பார்கள். நத்தர்ஷாவுக்குச் சளி அப்படியே இருக்கிறது, மூக்குதான் போய்விட்டது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. போன பெருநாளன்று பிரியாணிச் சட்டியின் தம்மை உடைத்தபோது எல்லோரும் "ஆகா" என்றார்கள். இவர் முகத்தில் ஆவி மட்டும் பட்டது. கொஞ்சம் தாமதமாக இவரும் "ஆகா" என்று சொல்லி வைத்தார். மணத்தை விற்கிறவனுக்கு மணம் தெரியாது என்று வெளியே வந்தால் பிழைப்பில் மண் விழும். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து ஊரார் முகங்கள்தான் அவருக்கு மூக்கு.

அந்த முகங்களில் அவர் அதிகம் பயந்து பயந்து பார்ப்பது மனைவி ஜெய்த்தூன் பீவியின் முகத்தை. அந்த அம்மாளுக்கு மூச்சிழுப்பு. பிளீச்சிங் வாடை பட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. அப்போது சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட மகள் நிலோபர் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ இழுப்பு வந்துச்சுன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன் அத்தா. இல்லாட்டி நீங்க இந்த வேலைய விடுங்க."

"இந்தச் சீசன் முடியட்டும்மா" என்றார் அவர். எல்லாச் சீசனுக்கும் அதையே சொல்கிறார். அறுபதைத் தாண்டியவரை எந்தத் தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? ஜெய்த்தூனின் இழுப்புக்கு மருந்து வாங்குவதும் இந்த வருமானத்தில்தான்.

அதனால் வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குள் போகமாட்டார். பின்சந்து வழியாகப் போய், குளியலறையில் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிப்பார். வேலைச் சட்டையை அங்கேயே ஊறப்போடுவார். கடைசி வாளியில் புல்தைலம் இரண்டு சொட்டு. பிறகு கொல்லைக் கதவருகே வந்து நின்று, "வாடை இருக்கா?" என்பார். ஜெய்த்தூன் அருகில் வந்து மூச்சை இழுத்துப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல, வாங்க. கமகமன்னு இருக்கீக." அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுந்ததில்லை. நாள் முழுக்கப் பட்ட பாடெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தீர்ந்துபோகும்.

ஆனாலும் விடியற்காலையில் அவளுக்கு இருமல் வந்தது. மேகமலைப் பக்கமிருந்து இறங்கும் பனிதான் காரணம் என்று நத்தர்ஷா முடிவுகட்டினார். காதை மூடக் கம்பளித் துணி வாங்கிக் கொடுத்தார். படுக்கை அறை ஜன்னல்களைக் காற்றுப் புகாமல் தகரம் வைத்து அடைத்தார். உள்ளே இருக்கிற காற்றும் வெளியே போகாதே என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்தக் கார்த்திகையில் ராயப்பன்பட்டி சுகிர்தம் டீச்சர் வீட்டில் வேலை. மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த வாரம் குமுளிக்குப் போக முடியாததால் கையில் தைலம் இல்லை. புகையை மட்டும் காட்டிவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். மூக்கின் ஓரம் ஏறியது.

"கோவிச்சுக்கிராதீக பாய். இன்னும் ஆஸ்பத்திரி மாதிரியே நாறுது."

மறுபடி கங்கு போட்டார். மறுபடி பார்த்தார். மூன்றாவது சட்டிக்குப் பிறகுதான் அந்த முகம் இறங்கியது. மனசே சரியில்லாமல் வீடு திரும்பினார். வெறும் சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். கொல்லைக் கதவுக்கு வரும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துவைத்திருந்தார்: இன்றைக்குத் தைலம் இல்லை, முன்கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், பக்கத்தில் வராதே.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெய்த்தூன் கதவைத் திறந்தாள். வழக்கம்போல் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க. புல்தைலம் இன்னைக்குத் தூக்கலா இருக்கே!"

முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

இன்றைக்குத்தான் ஒரு சொட்டுத் தைலமும் விடவில்லையே என்று நினைத்தார் நத்தர்ஷா. அப்படியானால் தன் மூக்கு செத்துப்போனது இவளுக்குத் தெரியும். தான் அவள் முகத்தைத்தான் பார்ப்பது என்பதும் தெரியும். தெரிந்துதான் அந்த முகத்தைத் தயார்செய்து வைத்துக்கொண்டு தினமும் கதவைத் திறந்திருக்கிறாள். பனியால் என்று நினைத்த இருமலெல்லாம் தன் கையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் வந்தது. வீட்டுக்குள் விஷத்தைச் சுமந்து வந்து, அதை மணம் என்று நம்பிப் பக்கத்தில் படுத்திருக்கிறோமே!

"ஜெய்த்தூனு, நெசத்தச் சொல்லு."

"நெசந்தான்" என்றவள் சட்டென்று திரும்பி அடுப்படிக்குப் போனாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் இருமுவது கேட்டது.

நத்தர்ஷா உள்ளே போகவில்லை. சந்து வழியாகவே சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார்.

"நிலோபர், காலையில வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிரும்மா."

"இழுப்பு வந்துருச்சா அத்தா?"

"இல்ல. வராம இருக்கணும்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெய்த்தூன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் போயிட்டா, உங்ககிட்ட வாடை இருக்கு, இல்லைன்னு யாரு சொல்லுவா?"

"நீ எங்க சொன்ன?" என்றார் அவர்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நத்தர்ஷா கையை மறுபடி ஒரு தடவை கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பரணிலிருந்து பையை இறக்கினார். பெட்டியிலிருந்த அவளுடைய சேலைகளில் ஒன்றை எடுத்தார். மடிக்கப் போனவர், அதை அப்படியே மூக்கில் வைத்து அழுத்தி, மூச்சை ஆழமாக இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.