வெள்ளைத் துணியில் துடைத்த குச்சி

என் சகலைக்கு நகத்தில் அழுக்கு இருக்காது. நகத்தில் அழுக்கில்லாதவன் என்ன மெக்கானிக் என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் எனக்குப் பிடித்த மாதிரி பதில் சொன்னதில்லை. "அவரு சுத்தமா வேலை பாக்குறவருப்பா" என்று முடித்துவிடுவார்கள்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். வளைகுடாவில் சில வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்து விருதுநகரில் கடை போட்டிருந்தார். நான் சிவகாசியில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில், அவிழ்த்து அவிழ்த்து மாட்டியே தொழில் கற்றவன். மாமியார் வீட்டுக்குப் போனால் ஃபேன் அவர் பக்கம் திரும்பும். கோழிக்கால் அவர் இலைக்குப் போகும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் எந்த விருந்தில் எந்தத் துண்டு யாருக்குப் போனது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

எனக்கென்று ஊரில் இருந்த ஒரே கௌரவம் அண்ணாச்சிதான். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். அவர் வண்டி எதுவானாலும் என் கைதான் படும். "இவன் ஒருதரம் தொட்டாப் போதும்லே" என்று நாலு பேர் முன்னால் சொல்வார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணாச்சி ஒரு பழைய ஜப்பான் டீசல் வண்டியை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும். கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானாக மாறும். தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரத்தில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அவருடைய டிரைவர் வந்து சொன்னார்: "ஆனைக்குட்டம் அணைக்கரை மேட்டுல ஏறுனா இஞ்சின் மட்டும் கத்துது. வண்டி நகர மாட்டேங்குது. வீட்டுல நான் கத்துற மாதிரிதான்னு வச்சுக்கோங்க. சத்தம் அம்புட்டு இருக்கும், ஒரு வேலையும் நடக்காது."

கியர்பாக்ஸ் வழுக்குவதை இதைவிட அழகாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கம்பெனிக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். அந்த மாதிரி கியர்பாக்ஸுக்குள் தட்டுத் தட்டாகக் கிளட்ச் இருக்கும். அதை அழுத்திப் பிடிக்கிறது ஆயில்தான். ஆயில் குறைந்தால் பிடி விடும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். கியர்பாக்ஸ் ஆயிலை அளக்கிற குச்சியை உருவினேன். மேல் கோடு வரை நனைந்திருந்தது. டிரைவரும், "நானும் தினம் பாக்கேன், குறையவே இல்ல" என்றார். ஆயில் இருக்கு, பிடி இல்லை, அப்படியென்றால் தட்டு தேய்ந்துவிட்டது. கணக்கு சரிதானே?

"பாக்ஸை இறக்கணும் அண்ணாச்சி. மதுரைக்கு அனுப்பணும்" என்றேன்.

அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "உன் சகலை வெளிநாட்டுல இந்த வண்டியைத்தான பாத்துக்கிட்டு இருந்தாரு? ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமா?" என்றார்.

கேட்டால் அவர் வருவார். வந்தால் ஜெயிப்பார். அப்புறம் அண்ணாச்சி வண்டியெல்லாம் விருதுநகர் ரோட்டில்தான் போகும். "தாராளமா கேளுங்க" என்றேன். என் வாயா அது என்று எனக்கே சந்தேகம்.

மறுநாள் பைக்கில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. "சாப்பிட்டீகளாண்ணே?" என்று முதலில் என்னைத்தான் விசாரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆயில் எப்படிண்ணே பாத்தீக?"

"எப்படிப் பாப்பாக? குச்சியை உருவித்தான்."

"இஞ்சின் ஓடும்போதா?"

டிரைவர் முந்திக்கொண்டார். "இங்கன ஓட விடவா? வாட்ச்மேன் என்னைய உருவிருவாருங்க!"

அது எங்கள் பக்கத்துச் சட்டம். வெடிமருந்து இருக்கிற கம்பெனி. கேட்டைத் தாண்டி இஞ்சின் சத்தம் வரக்கூடாது. அணைத்துவிட்டு, நாலு பேராகத் தள்ளித்தான் வண்டியை உள்ளே கொண்டுவருவார்கள். முதலாளி வண்டிக்கும் அதேதான். அங்கே நிற்கும்போதுதான் டிரைவர் குச்சியைப் பார்த்தார். அங்கே நிற்கும்போதுதான் நானும் பார்த்தேன்.

"வெளிய தள்ளுங்க" என்றார் சகலை.

ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, வேப்ப மரத்தடியில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே கியர் கம்பியை ஒவ்வொரு இடமாக நகர்த்தி மறுபடி பார்க்கிங்கில் போட்டார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, உருவினார். நுனியில் மட்டும் ஒரு சொட்டு ஈரம்.

"நிப்பாட்டுனா மேல இருக்கிற ஆயில் எல்லாம் கீழ இறங்கிரும்ணே. குச்சி நிறைய காட்டும். ஓடும்போது பாத்தாத்தான் உண்மை." துணியை மூக்கில் வைத்துப் பார்த்தார். "நிறம் இன்னும் சிவப்புத்தான். கருகின வாடை இல்ல. தட்டு பொழைச்சுக்கிடுச்சு."

குறைந்த ஆயில் எங்கேயோ போயிருக்க வேண்டும். அதையாவது நான் கண்டுபிடிக்காவிட்டால் செத்தேன் என்று, அவர் சட்டைக் கையை மடிப்பதற்குள் நான் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஆற ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ், கிளிப் பக்கம் வெடித்து, ஈரத்தில் புழுதி அப்பிக் கிடந்தது.

"இந்தா!" என்று கத்தினேன்.

"அண்ணன் பிடிச்சுட்டாக அண்ணாச்சி!" என்று சகலை அதைவிடச் சத்தமாகச் சொன்னார். "என் கண்ணுக்கு இது பட்டிருக்காது."

பொய். கட்டாயம் பட்டிருக்கும். பந்தியில் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் இலையில் வைக்கிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனி இந்த வண்டியை யாருகிட்ட விடுறது?" நான் எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டுவிட்டார்.

"அண்ணன்கிட்டதான். ஹோஸை மாத்தி ஆயில் ஊத்துனா சரியாப் போகும். நான் அம்புட்டு தூரத்துல இருந்து வர முடியுமா?" என்றார் சகலை.

ஹோஸ் மாற்றினேன். ஆயில் ஊற்றினேன். அணைக்கரை மேட்டில் வண்டி சிணுங்காமல் ஏறியது. "பாத்தீகளா, இப்ப நான் சொன்னாக் கேக்குது" என்று டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அண்ணாச்சி வண்டி என் கொட்டகையை விட்டு எங்கும் போகவில்லை. போயிருந்தால்கூட நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். சகலை விட்டுக்கொடுத்தல்லவா அது எனக்கு இருந்தது!

கொஞ்ச நாள் கழித்து மனைவி கொடியில் துணி காயப்போடும்போது, ஆயில் பட்டு ரோஸ் கறை படிந்த ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரரு துணியை மறந்துட்டுப் போயிட்டாரா?"

"அது என்னுது" என்றேன்.

அவள் துணியைப் பார்த்தாள். தேய்த்துக் கழுவியிருந்த என் நகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தத் துணியை மட்டும் நன்றாக உதறி, நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் காயப்போட்டாள்.