கைதட்டல் விழுந்த இடம்

எல்லையோர மலை மாநிலம் ஒன்றில், பாதுகாப்புப் படை முகாமின் மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது. ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்த பிறகு யாரும் என்னைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. எங்கோ ஒரு தீவிரவாதத் தாக்குதல் நடந்த செய்தி வந்ததும், காலையில் என்னோடு நடக்க வரும் பட்டுக் கடைக்காரருக்கு என் ஞாபகம் வந்துவிட்டது.

"ஊர்ல ஒரு வீரர வெச்சிக்கினு, நாம சும்மா இருந்தா நல்லாருக்குமா சார்?" என்று பாராட்டு விழா வைத்தார்.

நான் துப்பாக்கி தூக்கியவன் இல்லை. அதைச் சொல்லியும் விடவில்லை. மனதில் வைத்திருந்த ஒன்றை நாலு பேர் முன்னால் சொல்லிவிடலாம் என்றுதான் சம்மதித்தேன்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். எங்கள் வண்டி கண்ணிவெடியில் சிக்கியதைச் சொன்னேன். செத்த மூவரில் ஒருவர் எங்கள் சமையல்காரர். அன்று காலை எனக்கு டீ கொடுத்தவர். வெடியைக் கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரனை இரண்டே நாளில் பிடித்தார்கள். அவன்தான் செய்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஐந்தாம் நாள் கட்டுப் போட என்னிடம் அழைத்து வந்தபோது, அவன் வலது கையில் ஒரு நகம்கூட இல்லை.

அந்த இடத்தில் மண்டபம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா, மடியிலிருந்த குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்தார்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கலங்க," என்றேன். "பாறையில வழுக்கி விழுந்துட்டான்னு எழுதச் சொன்னாரு அதிகாரி. எழுதிட்டேன். அது தப்புன்னு சொல்லத்தான் வந்தேன்."

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "அவனுங்க சட்டம் பாத்துகினா குண்டு வெக்கிறானுங்க? நமக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் சட்டம்?"

"அவன் கொலகாரன் சார். அவன்கிட்ட நான் எதையும் எதிர்பாக்கல. கோர்ட்ல நிறுத்தி ஆயுசுக்கும் உள்ள போட்டிருக்கணும். ஆனா இது நாம ஓட்டுப் போட்டு வெச்ச அரசாங்கம். உங்க பேர்லயும் என் பேர்லயும்தான் அந்த நகத்தப் புடுங்கினாங்க. அவனுங்கள விடக் கொஞ்சம் பரவால்லன்னு இருந்தா நமக்குப் போதுமா?"

பதில் வருவதற்குள் மைக் அணைந்தது. "சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு, டிபன் ரெடி," என்றார் கடைக்காரர். எல்லோரும் கேசரி சாப்பிடப் போனார்கள்.

மறுநாள், கடைக்காரர் எடுத்துப் போட்ட என் பேச்சு வீடியோ ஊரார் போன்களில் சுற்றியது. நகம் வரைக்கும் வந்து, கைதட்டலோடு முடிந்தது. பின்னணியில் முரசுச் சத்தம் வேறு. கடைக்குப் போய், மிச்சத்தையும் போடச் சொன்னேன். கடைக்காரர் முகூர்த்தப் புடவை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்; திரும்பவில்லை.

"இன்னாத்துக்கு சார் பேஜாரு? ஊரே உங்களக் கொண்டாடுது."

அவர்மேல் வந்த அருவருப்பை விட என்மேல்தான் அதிகம் வந்தது. அந்தப் பொய்யை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே சொல்லத்தான் இத்தனை வருடம்.

போன வாரம் செய்யாறு பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தார். கம்பெனிச் சட்டை, நரைத்த மீசை. அவரிடமாவது சொல்வோம் என்று, உட்காராமல் பக்கத்தில் நின்றபடியே, பதிவேடு வரை ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் குரலைத் தாழ்த்தி, ஆவலாகக் கேட்டார்:

"கடைசியில வாயத் தொறந்தானா சார்?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது நான் போகவேண்டிய இடம் இல்லை.