சுழலாத வட்டு

விழுப்புரத்தில் என் தங்கை எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். அவளுடைய பழைய இயந்திரம் டிசைனை ஃபிளாப்பி வட்டிலிருந்துதான் படிக்கும். வட்டைப் படிக்கும் டிரைவ் அடிக்கடி தடுமாறியதால், திண்டிவனத்திலிருந்து போய் நான்தான் அதைக் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது மின் இணைப்பைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். கருகிய வாசனை வந்தது. அவள் டீ வாங்கப் போயிருந்தாள். வந்ததும், "வயசாயிடுச்சும்மா, போய்டுச்சு" என்றேன். கல்லூரியில் மின்னணுவியல் நடத்தியவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

பள்ளி திறப்பதற்குள் மூன்று பள்ளிகளின் சட்டை பேட்ஜுகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த வேலை புதுச்சேரிக்குப் போய்விடும். வேறு டிரைவ் தேடினேன்; கிடைத்தவையெல்லாம் செத்தவை. கடைசியில் டிரைவ் போலவே நடிக்கும் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சில்லு, டிசைன்களுக்கு ஒரு மெமரி கார்டு. 'வட்டின் அடுத்த தடத்துக்கு நகர்' என்று இயந்திரம் மின் துடிப்பு அனுப்பினால், நகராமலே நகர்ந்துவிட்டதாக அது பதில் சொல்லும்.

கொண்டுபோய் மாட்டினேன். 'டிஸ்க் இல்லை' என்றது திரை.

"இன்னாண்ணா, பொய் சொல்றது மிஷினுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று தங்கை சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஆர்டர் வேணாம்னு சொல்லிடட்டுமா? பேஜாரா இருக்குது."

"சொல்லிடாத. நாளைக்கு வர்றேன்."

வீட்டில், நான் இணைக்காமல் விட்ட கம்பிகளைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று, வட்டு ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் வரும் துடிப்புக்கானது. சுழல வட்டே இல்லையே என்று விட்டிருந்தேன். பாடம் நடத்தும்போது தேவையற்றதை வெட்டியே பழகிய கை. அந்தத் துடிப்பு வந்தால்தான் வட்டு உள்ளே இருப்பதாக இயந்திரம் நம்பும். அந்தக் கம்பியையும் இணைத்து, துடிப்பை அனுப்பவைத்து, இல்லாத வட்டைச் சரியான வேகத்தில் சுழலவிட்டேன்.

மறுநாள் திரையில் டிசைன் பெயர்கள் வந்து நின்றன. ஊசி இறங்கியது. நீலத் துணியில் மஞ்சள் விளக்கு ஒன்று இழை இழையாக எழுந்தது. என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட நான் அப்படிக் கை தட்டியதில்லை.

அந்தக் குஷியில்தான் சொல்ல முடிந்தது. "அந்த டிரைவு தானா போகலம்மா. கரண்ட்ட தப்பா மாட்டி நான்தான் எரிச்சிட்டேன்."

அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "இத்தினி நாளா மிஷின திட்டிக்கினு இருந்தேன். உன்னத்தான் திட்டியிருக்கணும்." கத்தரியை என் முன்னால் வைத்தாள். "உக்காரு. பின்னாடி நீட்டிக்கினு இருக்கிற நூலெல்லாம் வெட்டு. பேட்ஜ் முடியற வரைக்கும் திண்டிவனம் போற நெனப்பே வேணாம்."

உட்கார்ந்து வெட்டினேன். அடுத்த பள்ளியின் டிசைனை இயந்திரம் கேட்டபோதெல்லாம் கத்தரியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முறைகூட அது தடுமாறவில்லை.