டோரதிக்குப் பிடிக்காத ஈஸ்டர்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு, சிரித்த முகமாகக் கோயிலை விட்டு வெளியே வரும் ஒரே பெண் ராயபுரத்தில் டோரதியாகத்தான் இருந்திருப்பாள். மற்றவர்களுக்கு அது தவக்காலம் தொடங்கிக் கறியை விடுகிற நாள். அவளுக்கோ அன்றிலிருந்து நாற்பது நாள் அடி கிடையாது.

அவள் புருஷன் கஸ்பாருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. தவக்காலத்தில் ஒரு சொட்டு தொடமாட்டான். சிலுவைப் பாதை ஜெபம் முழுவதும் முழங்காலில் நிற்பான். அவளையே "வாம்மா, போம்மா" என்பான். ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேப்பரில் சுற்றி வைத்த பாட்டிலைத் திறப்பான். நாற்பது நாள் தேக்கி வைத்த தாகம். பிரியாணி தம் பிரிப்பதற்குள் கண் சிவந்துவிடும்.

கல்யாணமான முதல் ஈஸ்டரில், "இன்னாடி மொறைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே அவள் முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் தலையை மோதினான். புதுப்புடவையெல்லாம் ரத்தம். ஐந்தாவது ஈஸ்டரில் அவள் இடது சுண்டுவிரலைப் பின்னுக்கு வளைத்து உடைத்தான். பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவிதான் ஐஸ்குச்சியை வைத்துத் துணி சுற்றினாள்.

"எங்க நோம்பு முடிஞ்சா சேமியா. உங்க நோம்பு முடிஞ்சா ரத்தமா? இன்னாமா பண்டிக இது, ஒரே பேஜாரா கீது!"

டோரதி அழுதுகொண்டே சிரித்தாள். விரல் கோணலாகவே கூடிப்போனது.

ஒரு வருஷம் பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டாள். "ஃபாதர், தவக்காலத்த இன்னும் ஒரு பத்து நாளு இழுக்க முடியாதா?" அவர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவள் பக்தியை மெச்சிப் பேசினார். கஸ்பார் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டான்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த பின் வெறுமையாகக் கிடந்த கல்லறையைப் பார்த்த பெண்கள் நடுங்கி ஓடினார்கள் என்று பைபிளில் ஒரு இடம் வரும். ஈஸ்டர் கதையில் டோரதிக்கு நன்றாகப் புரிந்த இடம் அதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் கப்பலிலிருந்து இறக்கிய இரும்புத் தகடு சரிந்து விழுந்து கஸ்பார் செத்தான். முகத்தைத் திறந்து காட்டக்கூட முடியவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறு பூசையில், "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று எல்லாரும் சொன்னபோது அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. செத்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள் என்கிற சந்தேகம் அவளுக்கு இருந்ததில்லை. வந்துவிடுவார்கள் என்றுதான் பயம். அதன் பிறகு அந்த வரியை அவள் சொல்லவே இல்லை.

டோல்கேட்டில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலைக்குப் போய்த் தன் மகன் வில்சனை ஆளாக்கினாள். அவன் எண்ணூரில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மூன்று வருஷத்துக்கு முன் ரூத்தைக் கட்டிவைத்தாள். போன ஈஸ்டருக்கு மறுநாள் ரூத்தின் கண் வீங்கியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அத்த" என்றாள். அதே பொய்யை இருபது வருஷம் சொன்னவள் டோரதி. ஆனாலும் மேலே கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

இந்த வருஷம் வில்சன் ஒழுங்காகத் தவக்காலம் இருந்தான். ரூத் பாடிக்கொண்டே வீடு பெருக்கினாள். ஒருநாள் அவள் காலண்டர் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்த எண்ணினுகீற?"

"ஒண்ணுமில்ல அத்த. இன்னும் ஒம்போது நாளு."

"எதுக்கு?"

ரூத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.  அதே காலண்டர் ஆணிக்கு முன்னால் நின்று டோரதியும் எண்ணியிருக்கிறாள்.

ஈஸ்டர் ஞாயிறு. பூசை முடிந்து வந்தார்கள். வில்சன் பாட்டிலோடு வாசல்படியில் உட்கார்ந்தான். உள்ளே டோரதி, மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்த நீள இரும்புக் கரண்டியால் பிரியாணி தம்மைப் பிரித்தாள். ரூத் கொண்டுபோய் வைத்த வெங்காயத்தட்டு முதலில் பறந்தது.

"இன்னாடி மொறைக்கிற?"

டோரதியின் கை நின்றது. அதே குரல். எட்டிப் பார்த்தாள். ரூத்தின் முடி அவன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. டிரம்மில் நெற்றி மோதிய சத்தம் கேட்டது. மறுபடியும் ஒன்று. ரூத்தின் மூக்கிலிருந்து ரத்தம் தண்ணீரில் சொட்டியது. கஸ்பார் எழுந்து வந்துவிட்டான் என்று டோரதிக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாகப் பயந்தது நடந்தேவிட்டது.

பயந்து ஓட அவளுக்கு வேறு இடம் இல்லை. கரண்டியோடு வந்தாள். சூடான சோறு ஒட்டியிருந்த இரும்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முடி விடுபட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முட்டியில். அவன் படியிலிருந்து உருண்டான். அவள் மறுபடி ஓங்கினாள்.

"அம்மா! நான் உன் புள்ளம்மா!"

"புள்ளயா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போ. அவனா இருந்தா காசிமேட்டுக் கல்லறைக்குப் போ. இங்க வராத."

"ஈஸ்டரும் அதுவுமா பெத்த புள்ளய அடிக்கிறியே..."

"என் வூட்ல தவக்காலம் இன்னும் முடியலடா. முடிஞ்சா சொல்லி அனுப்புறேன்."

கையைப் பிடித்துக்கொண்டு அவன் நொண்டி நொண்டிப் போனான். தெருவே பார்த்தது. பிரியாணி வாங்கத் தூக்கோடு வந்த காத்தூன் பீவி தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் ரூத்தின் மூக்கை அழுத்திப் பிடித்தாள். "அந்த டிரம்ம முதல்ல தூக்கிப் போடுமா" என்றாள். டோரதி டிரம்மைக் காலால் தள்ளினாள். சிவந்த தண்ணீர் தெருவில் ஓடியது.  அதன் பிறகும் அவளால் கரண்டியை விட முடியவில்லை. காத்தூன் பீவி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வில்சன் மாவுக்கட்டோடு வந்து கடைசி வரிசையில் நின்றான். டோரதி திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ரூத், நெற்றியில் ஐந்து தையல். வீங்கிய கண் பாதி திறந்திருந்தது. எல்லாரோடும் சேர்ந்து ரூத், "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்றாள்.

ஒன்பது வருஷமாக அந்த வரியில் டோரதி கஸ்பாரின் உடலை மட்டுமே பார்த்திருந்தாள். அதில் ரூத்தின் கண்ணும் தன் விரலும் நலமாகி எழுவதும் சேர்த்தி என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோணல் விரலைத் தடவிக்கொண்டே அந்த வரியைச் சொன்னாள். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள். அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.