வழிப்பறிக்காரன் வந்த ஞாயிறு

அப்பா தன் வாழ்நாளில் தானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கிய படம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றே எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் படம் வாங்கவும் இல்லை, யாரும் அவரை வாங்கச் சொல்லவும் இல்லை.

அப்போது நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரத்தில், ஏவன்டேல் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஊரில் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அங்கிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நியூ லின்னில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. போவார், வருவார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விளக்கை அணைக்காமல் படுப்பார். கோயிலில் நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் மட்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார். ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டு அதைச் சுவாமியாரிடம், அதாவது பாதிரியாரிடம், சொல்லப் பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நற்கருணையை முதன்முதலாக வாங்கும் முதல் நன்மைக்குப் படித்துக்கொண்டிருந்த வயது அது. உலகத்தில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் விடை இருந்தது.

அம்மாவிடமும் ஒரு விடை இருந்தது. அதற்குப் பெயர் கலியாணம். லின்ஃபீல்டில் ஒரு மன்னார்க் குடும்பம் இருந்தது. அவர்களுடைய மூத்த மகள் முதியோர் இல்லம் ஒன்றில் நேர்ஸ். நிதானமான பிள்ளை, நோயாளிகளோடு பழகிய பிள்ளை, சித்தப்பாவை அறையை விட்டு வெளியே கொண்டுவர இவளால்தான் முடியும் என்று அம்மா மனதுக்குள் தாலியே கட்டிவைத்துவிட்டாள். அந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லவில்லையாம். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

இந்த மாதிரிச் சந்திப்பில் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வந்தோம், மாப்பிள்ளை பார்க்க வந்தோம் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால், பிறகு சரிவராவிட்டால், கோயிலில் முகம் பார்க்க முடியாது. ஆகவே அவர்கள் ஞாயிறு பூசை முடிந்து சும்மா சாப்பிட வருகிறார்கள். சாப்பிட்ட பிறகு சும்மா ஒரு படம் பார்க்கிறோம். படம் ஓடும்போது இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கலாம், கதைக்கத் தேவையில்லை, விரும்பினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் படம் போட்டால் அதில் காதல் வரும், காதல் வந்தால் எல்லாரும் நெளிய வேண்டும். அதனால் இங்கிலீஷ்ப் படம், குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம் என்று தீர்மானமாயிற்று.

அன்று காலையிலேயே அப்பா ஏவன்டேல் சந்தைக்குப் போய்க் கீரையோடு ஒரு டிவிடியும் வாங்கி வந்தார். அட்டையில் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டியும் போட்ட ஒரு சுவாமியார், கையில் வேதாகமம், பின்னால் கோயில் கோபுரம், பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை. கோயில் கமிட்டியில் இருந்த அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? குதிரையேறிப் போய் வேதம் போதித்த ஒரு புண்ணியவானின் கதை என்று அவரே முடிவெடுத்து, அம்மாவுக்கும் அப்படியே சொன்னார். அட்டையின் பின்புறத்தை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். அங்கே விலை ஒட்டியிருந்தது, அப்பா விலையை மட்டும் வாசித்தார்.

அந்தப் புண்ணியவான் ஒரு வழிப்பறிக்காரன். பழைய காலத்து இங்கிலாந்தில் பிரபுக்களின் வண்டிகளை மறித்துக் கொள்ளையடிப்பவன். துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப அங்கியை மாட்டிக்கொண்டு சுவாமியாராக வேஷம் போடுகிறான். அந்த வேஷத்தோடு பிரபுக்களின் மனைவிமாருக்கு ஆறுதல் சொல்லப் போகிறான். சொல்கிற ஆறுதலெல்லாம் படுக்கையறையில்தான். ஆங்கிலேயர் இதை நகைச்சுவைப் படம் என்கிறார்கள்.

முதல் பிரபுவின் மனைவி தன் சட்டையின் முன்பக்கத்துக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கியபோது அம்மாவுக்கு இருமல் வந்தது. அப்பா துள்ளி எழுந்தார். படத்தை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் கெட்ட படம் போட்டோம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அதைவிட, அறை அமைதியாகி எல்லாரும் கலியாணத்தைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்துவிடும். ரிமோட் வேலை செய்யாமல் விட்டு நெடுநாள். அப்பா உடுப்புக் காயப்போட்டிருந்த கம்பியிலிருந்து தான் வீட்டில் இடுப்பில் கட்டும் நீலக்கட்டம் போட்ட சாரத்தை உருவி டிவியின் மேல் போட்டார். "வெளிச்சம் கண்ணில அடிக்குது" என்றார்.

அதன் பிறகு நாங்கள் அப்பாவின் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்துக்குப் படமே தேவலை போல இருந்தது. அம்மா எல்லாருடைய தட்டிலும் மறுபடி மறுபடி ரோல்ஸ் வைத்தாள். பெண்ணின் அப்பா, நான் மாமா என்று கூப்பிட்டவர், கூரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நேர்ஸ் அக்கா முழங்கையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நான் அப்போது சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்தார். பற்கள் தெரியவில்லை, ஆனால் கன்னம் அசைந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பினாள், அவர் உடனே குனிந்து தன் ரோல்ஸைப் பார்த்தார். அம்மா அதைக் கண்டுவிட்டாள். அவளுடைய முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குதிரைக் குளம்புச் சத்தமும் வண்டிச் சத்தமும் கேட்டன. அப்பா சாரத்தின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்த்தார். காடு, வண்டி, எல்லாரும் முழு உடுப்போடு. "இனிப் பிரச்சினையில்லை, பாக்கலாம்" என்று சந்தோஷமாகச் சாரத்தை இழுத்து எடுத்தார்.

வழிப்பறிக்காரன் முகமூடி போட்டிருந்தான். முகம் முழுவதும் கறுப்புத் துணி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வண்டியில் வந்தவர்களை இறக்கி, வீதியோரம் வரிசையாக முழந்தாளில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் செய்திருந்தான். விளக்கைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தான். சிலருக்கு இல்லை என்று தலையை அசைத்தான். ஒரு கொழுத்த நீதிபதியின் முன்னால் நின்று ஓம் என்று தலையாட்டினான். உடனே அவனுடைய ஆட்கள் நீதிபதியைப் பற்றைப் புதருக்குள் இழுத்துப் போனார்கள். நீதிபதி காற்சட்டையில்லாமல் ஓடி வந்தார். வீடே சிரித்தது. அப்பாதான் பெரிதாகச் சிரித்தார், கண்டம் தாண்டிவிட்ட சிரிப்பு.

சித்தப்பா சோபாவிலிருந்து இறங்கினார். மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், கம்பளத்தில் முழந்தாளிட்டுக் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்தார்.

சித்தப்பாவுக்கு விளையாடத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் அதே மாதிரி முழந்தாளிட்டேன். எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். சித்தப்பா ஒரு கையை எடுத்து என் தலையில் வைத்துக் கீழே அமுக்கினார். "தம்பி, குனி. நிமிராதை. அவன் பாக்கிறான்" என்றார். உதடு அசையாமல் சொன்னார்.

"ஐ ஆம் நாட் எ தம்பி!" என்று நான் கத்தினேன். பெண்பிள்ளையைத் தம்பி என்றால் கோபம் வராதா? அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆனால் அதில் மாமாவின் சத்தம் இல்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

"அதை நிப்பாட்டுங்கோ" என்றார்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. "இதில பிழையா ஒண்டும் இல்லையே" என்றார் பாவம்.

"அண்ணை, தலையாட்டி" என்றார் மாமா.

அப்பா டிவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். படம் நின்றது, சிரிப்பும் நின்றது, என் தலையிலிருந்த கை மட்டும் எடுபடவில்லை. அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். "வீட்டிலதான் நிக்கிறாய். எல்லாம் முடிஞ்சுது. கையை எடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா இன்னும் அமுக்கினார். எனக்கு முழங்கால் நொந்தது, விளையாட்டு அலுத்துவிட்டது. பாம்பு போல வளைந்து கைக்கு அடியால் நழுவி மேசைக்கு ஓடினேன். பின்னால் சித்தப்பா ஒரு சத்தம் போட்டார். அதை அழுகை என்று சொல்ல முடியாது. அழுகைக்கு ஒரு முடிவு இருக்கும்.

நேர்ஸ் அக்கா தண்ணீர் கொண்டுவந்து அவருக்கு முன்னால் இருந்தாள். அவள் பயப்படவே இல்லை. பயந்தது அவளுடைய அப்பா. காரடியில் நின்று அவர் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குறை நினையாதேங்கோ அண்ணை. என்ர வீட்டில ராவில எழும்பிக் கத்துறதுக்கு நான் ஒருத்தன் காணும், இன்னொருத்தர் வேண்டாம்" என்றார். கலியாணம் என்ற சொல்லை அப்போதும் ஒருவரும் சொல்லவில்லை. முறை தவறவில்லை.

சித்தப்பா அறைக்குள் போனார். போனவர் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். வேலையை விட்டார். மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சுவாமியார் வந்து தலையில் கை வைத்துச் செபித்தார். ஒன்றும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்பதுதான். நான் கூடத்துக்கு வந்தால் எழும்பிப் போவார். சாப்பாட்டுத் தட்டை நான் கொண்டுபோனால் கதவு திறக்காது, அம்மா கொண்டுபோக வேண்டும். விளையாட்டைப் பாதியில் விட்டு ஓடியதற்கு ஒரு பெரிய மனிதர் இவ்வளவு காலம் கோபித்துக்கொண்டிருப்பதா என்று எனக்கும் கோபம் வந்தது. பிறகு நானும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், வேலை என்று என் பாட்டில் வளர்ந்தேன். போன குளிர்காலத்தில் சித்தப்பா நித்திரையிலேயே போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது.

அடக்கம் முடிந்து வந்து, அப்பா கழுத்துப் பட்டியைக்கூட அவிழ்க்காமல் கூடத்தில் இருந்தார். அப்போதுதான் எனக்குச் சொன்னார். அப்பாவுக்குத் தம்பிமார் இரண்டு பேர். அப்பா கொழும்பில் வேலையில் இருந்த காலம். ஊரைச் சுற்றி வளைத்த ஆமி எல்லாரையும் கோயில் வளவுக்குக் கொண்டுபோய் வரிசையாக முழந்தாளில் இருத்தியது. சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவனை வரிசை நெடுகக் கூட்டி வந்தார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் வண்டியில் ஏற வேண்டும், ஏறியவர் திரும்புவதில்லை. அதனால்தான் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். சித்தப்பா தன் சின்னத் தம்பியின் தலையைக் கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். பொடியனுக்கு முழங்கால் நொந்திருக்கும், அல்லது என்ன நடக்கிறது என்று விடுப்புப் பார்க்க ஆசை வந்திருக்கும். கைக்கு அடியால் நழுவித் தலையை நிமிர்த்தினான்.

எங்கள் வீட்டுக் கம்பளத்தில் சித்தப்பா கொஞ்ச நேரம் அவனைக் காப்பாற்றித்தான் வைத்திருந்தார். நான் மேசையடியில் நின்று, இரண்டு கையாலும் ரோல்ஸ் தின்றபடி, சித்தப்பா ஏன் வெறுங்கம்பளத்தைக் கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.